பூச்சியத்தின் இரு பொருள்

கணினியிற் கோப்பொன்றைத் திறக்கும்போது தோன்றும் உரையாடற் பெட்டியைச் செய்நிரலின் பகுதியென்றே பலரும் எண்ணுவர். பெரும்பாலும் அது பணிசெயல் முறைமைக்கு உரியது. செய்நிரல் அதனைக் கேட்டுப் பெறுகின்றது. விண்டோஸில் நெடுங்காலமாக வழங்கும் 'கெற் ஓபின் பைல் நேம்' என்னும் சார்பு, பயனர் கோப்பைத் தெரிந்தாற் பூச்சியமல்லாத எண்ணைத் தரும். அவர் பெட்டியை மூடிவிட்டாற் பூச்சியம். பெட்டியே திறக்க இயலாது போயினும் பூச்சியம். மறுப்பும் இயலாமையும் ஒரே எண்ணாய் வருவதன் விளைவை நேரிற் கண்டேன்.

நூலகமொன்றில், பழஞ் சஞ்சிகைகளை அட்டவணைப்படுத்தும் பஸ்கால் செய்நிரல் 32 பிற்றிலிருந்து 64 பிற்றுக்கு மாற்றித் தொகுக்கப்பட்டிருந்தது. அதன்பின் 'திற' என்பதை அழுத்தினால் ஏதும் நிகழவில்லை. செய்நிரலை வழங்கியோர் நிகழ்வுப் பதிவைப் பார்த்து, பணியாளரே பெட்டியை மூடிவிடுகின்றார் என எழுதினர். கணினிக்குப் புதியவரான அம்முதியவரும் பிழை தம் கையிலேதான் என நம்பத் தொடங்கியிருந்தார். காணாத பெட்டியை ஒருவர் எங்ஙனம் மூடுவார்?

மூலநிரல் கிடைத்தமையால் நண்பரும் நானும் ஆராய்ந்தோம். பூச்சியம் வந்தவுடன் 'கொம் டயலொக்' வழுவெண்ணைத் தரும் பிறிதொரு சார்பை வினவவேண்டும். பயனர் மூடியிருந்தால் அதுவும் பூச்சியமே தரும். எமக்குக் கிடைத்தது 1. கட்டமைப்பின் அளவு பொருந்தவில்லை என்பது அதன் பொருள். வேண்டுகோளோடு செல்லும் கட்டமைப்பு தன் அளவை முதல் உறுப்பிலேயே கூறும். 64 பிற்றில் முறைமை எதிர்பார்ப்பது 152 பைற்று. எமது செய்நிரல் கூறியதோ 140. சுட்டிகள் 8 பைற்றாக வளர்ந்தமையால் அவை 8இன் மடங்கான இடங்களிலே தொடங்குதல் வேண்டும். அதன்பொருட்டு மூன்றிடங்களில் நந்நான்கு பைற்று வெற்றிடமாக விடப்படும். வரையறையிலிருந்த 'பக்ட்' என்னும் சொல் அவ்வெற்றிடங்களை ஒழித்துவிட்டது. 32 பிற்றில் அச்சொல் இருப்பினும் இல்லாவிடினும் அளவு 88; ஆதலின் அது ஆண்டுக்கணக்கில் தீங்கின்றிக் கிடந்தது.

சொல்லை நீக்கினோம், பெட்டி திறந்தது. ஆயின் தமிழ்ப் பெயருள்ள கோப்புகள் வெறும் வினாக்குறிகளாய் வந்தன. சார்பின் 'ஏ' வடிவம் முறைமையின் பழைய குறிமுறைப் பக்கத்தை நாடுவது. அப்பக்கங்களுள் தமிழுக்கென ஒன்று இல்லை. யூனிகோட்டில் இயங்கும் 'டபிள்யூ' வடிவுக்கு மாற்றியதும் அதுவும் தீர்ந்தது.

நிகழ்வுப் பதிவில் இப்பொழுது இரு வேறு வரிகள் எழுதப்படுகின்றன: பயனர் மூடினார் என ஒன்று; பெட்டி திறக்கவில்லை, வழுவெண் இன்னது என மற்றொன்று. முதியவர் அன்று மாலைக்குள் பதினேழு கோப்புகளைத் திறந்து முடித்திருந்தார்.