கிழட்டு மியாட்டாவுக்குப் புதுக் கால்கள்

என்கிட்ட ஒரு 1996 மாஸ்டா மியாட்டா இருக்கு. ரெண்டே சீட்டு, மடக்குற துணிக்கூரை, 1.8 லிட்டர் இன்ஜின். என்னைவிட ஒரு வயசு பெரிசு. மூட்டுவலி அதுக்குத்தான் முதல்ல வந்துச்சு.

போன நவம்பர்ல ஒரு மழை நாள். நியூ ஜெர்சில ஹைவேலேர்ந்து இறங்குற வளைவு, நடுவுல பாலம் சேர்ற இடத்துல ஒரு மேடு. அதுல ஏறி இறங்கினதும் வண்டியோட பின்பக்கம் சர்ருனு வெளியே போச்சு. பக்கத்துல அம்மா, ஊர்லேர்ந்து வந்து நாலு நாள்தான் ஆகுது. எப்படியோ நேராக்கிட்டேன். "என்னடா ஆச்சு?"ன்னாங்க. "தண்ணிம்மா"ன்னேன். பொய். ரெண்டு மாசமாவே ஒவ்வொரு பள்ளத்துலயும் வண்டி மூணு தடவை குதிச்சிட்டுதான் அடங்கும். தெரிஞ்சும் தள்ளிப்போட்டுட்டு இருந்தேன்.

டார்ச் அடிச்சுப் பாத்தா, பின் ஷாக் அப்சார்பர் ரெண்டுலயும் எண்ணெய் வழிஞ்சு மண்ணு அப்பிக் கிடந்துச்சு. ஸ்பிரிங் எடையைத் தாங்கும், ஆனா ஆட்டத்தை நிறுத்தாது. அது ஷாக்கோட வேலை. உள்ள இருக்குற எண்ணெயைச் சின்ன ஓட்டை வழியா தள்ளி, ஆட்டத்தைச் சூடா மாத்திடும். எண்ணெய் போச்சுன்னா டயர் தரையை விட்டுக் குதிக்கும். தரையில இல்லாத டயர் எதைப் பிடிக்கும்?

அன்னிக்கே வண்டிய ஓரங்கட்டிட்டேன். எதை வாங்குறதுங்கறதுல குளிர்காலம் முழுக்கப் போச்சு. மனசு கேட்டது காயில்ஓவர். உயரத்தை இறக்கலாம், பார்க்க கும்முனு இருக்கும் :-) ஆனா இந்தத் தலைமுறை மியாட்டால சக்கரம் மேல ஏற ஏற்கனவே இடம் கம்மி. இன்னும் இறக்கினா சின்னப் பள்ளத்துக்கே பம்ப் ஸ்டாப்புல போய் இடிக்கும். இடிச்ச நொடி ஸ்பிரிங் இருந்தும் இல்லாத மாதிரிதான், அதுவும் வளைவுல இடிச்சா பிடிமானமும் போயிடும். எங்க ஊர் ரோட்டுக்கு இது தற்கொலை.

மிச்சம் ரெண்டு. கோனி மஞ்சள்ல ரீபவுண்டைத் திருகி மாத்திக்கலாம். பில்ஸ்டீன் ஒற்றைக் குழாய், அழுத்தமான நைட்ரஜன் வாயு இருக்கறதால எண்ணெய் சீக்கிரம் நுரைக்காது, திருகவும் ஒண்ணும் இல்ல. என்னைப் பத்தி எனக்குத் தெரியும், திருகறதுக்கு ஏதாவது குடுத்தா வாராவாரம் திருகிட்டே இருப்பேன். பில்ஸ்டீன் போதும்னு முடிவு பண்ணினேன். பழைய ஸ்பிரிங்கையே வச்சுக்கிட்டேன், பம்ப் ஸ்டாப் மட்டும் புதுசு.

மார்ச்ல ரெண்டு சனிக்கிழமை. உப்புல துருப்பிடிச்ச போல்ட்டுகளோட மல்லுக்கட்டினதுதான் பாதி வேலை. ஸ்பிரிங்கை அமுக்குற கருவிகிட்ட மட்டும் முகத்தைக் கொண்டு போகாதீங்க, நழுவினா பல்லு மிஞ்சாது. இன்னொண்ணு, கட்டுப்பாட்டுக் கைகளோட போல்ட்டை வண்டி அந்தரத்துல தொங்கறப்ப இறுக்கக்கூடாது. சக்கரம் எடையைத் தாங்கி நிக்கிற நிலையில இறுக்கணும், இல்லன்னா ரப்பர் புஷ் முறுக்கிக்கிட்டே இருந்து கிழியும். நான் முதல் சனிக்கிழமை அந்தரத்துலயே இறுக்கிட்டு, ராத்திரி படுக்கும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. அடுத்த வாரம் எல்லாத்தையும் தளர்த்தி மறுபடியும் மொதல்லேர்ந்து.

அலைன்மென்ட் முடிச்சு, மறுபடி மழை வர்ற நாளுக்காகக் காத்திருந்து, முதல்ல தனியா அதே வளைவுல போய்ப் பாத்தேன். மேட்டுல ஒரே ஒரு "தட்". அவ்ளோதான். அடுத்த நாள் அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். மேடு தாண்டினப்போ நவம்பர்ல நடந்தது தண்ணியால இல்லன்னும் சொல்லிட்டேன்.

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "நாலு பேர் உக்கார்ற வண்டி எப்ப வாங்குவ?"ன்னாங்க.