சாயலும் சான்னித்தியமும்

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் சாலையில், தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பஸ்கள் ஓயாது ஓடிக்கொண்டிருக்க, அவற்றில் அமர்ந்திருப்போர் ஒவ்வொருவர் கழுத்திலும் அவரவர் முகம் பதித்த அடையாள அட்டை தொங்கக் கண்டவாறே, போர்டு எழுதும் ஓவியர் ஒருவரின் தகரக் கொட்டகைக்குள் நுழைந்தேன். ஃப்ளெக்ஸ் வந்தபின் பேனர் வேலை கைவிட்டுப் போய்விட, காலமானவர்களின் உருவப்படங்களே இன்று அவருக்கு ஜீவனோபாயம்.

இரவு ஷிப்டு முடிந்து யூனிபாரத்தோடு வந்திருந்த ஒரு பெண், மறைந்துபோன தன் தாயாரின் மங்கிய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை அவரிடம் நீட்டினாள். போட்டோவின்மேல் பென்சிலால் கட்டம் போட்டு, அதே விகிதத்தில் கான்வாஸிலும் பெரிய கட்டங்கள் இட்டு, கட்டத்துக்குக் கட்டம் கோடுகளை மாற்றினால் சாயல் வந்துவிடும். பழகிய கைக்கு அது பிரமாதமான காரியமன்று. அவரோ பென்சிலைத் தொடுமுன், “கோவம் வந்தா அம்மா என்னம்மா பண்ணுவாங்க?” என்று கேட்டார்.

“பேசவே மாட்டாங்கண்ணா. கீழ் உதட்டை மடிச்சுக் கடிச்சுப்பாங்க.”

அவள் போனபின் என்னிடம், “போட்டோல ஒரு நொடிதான் சார் இருக்குது. அவங்க அம்பது அறுபது வருஷம் வாழ்ந்திருக்காங்களே!” என்றார்.

உருவ ஓவியத்தின் மகத்துவம் எதில் இருக்கிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் அறியேன். ஓவியர் ராமசாமி நாயக்கர் கற்றுத்தர மறுத்துவிட, அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளையிடம் ரகசியமாகத் தைல வர்ண நுட்பத்தைத் தெரிந்துகொண்டவர் என்று சொல்லப்படும் ரவிவர்மா, பட்டின் பளபளப்பையும் ரத்தினத்தின் ஒளியையும் அபாரமாக எழுதியவர். ஆயினும் அவருடைய அரண்மனைப் படங்கள் சிலவற்றில் ஆபரணம் பேசிய பிறகே மனிதர் பேசுகிறார் என்பது என் அபிப்பிராயம். இதற்கு மாறாக, ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெத் 1650-ல் ரோமாபுரியில் எழுதிய ஹுவான் டி பரேஹாவின் படத்தில், அவருடைய பட்டறையிலேயே அடிமையாக உழைத்த அம்மனிதர், எந்த அரசனுக்கும் தாழாத கம்பீரத்தோடு நம்மை நேருக்கு நேர் பார்க்கிறார். அதே ஆண்டில்தான் அவருக்கு விடுதலைப் பத்திரமும் எழுதப்பட்டது.

இங்கே ஸ்ரீபெரும்புதூரிலேயே, ராமாநுஜர் தம் வாழ்நாளிலேயே கண்டு உகந்து தழுவித் தம் சக்தியைத் தந்ததாக வைஷ்ணவர் போற்றும் ‘தானுகந்த திருமேனி’ ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் எழுந்தருளியிருக்கிறது. அது வர்ணத்தால் எழுதியதன்று, விக்கிரகம். எனினும் உருவத்துக்கு உரியவரே அதில் தம்மைக் கண்டு மகிழ்வதைவிட உயர்ந்த அங்கீகாரம் ஒரு கலைஞனுக்கு ஏது?

இத்தொழிற்சாலைகளின் வரவேற்பு மண்டபங்களில் நிறுவனர்களின் படங்களோடு, அங்கே உழைக்கும் ஒருவரின் முகத்தையும், அவரை உட்காரவைத்துப் பேசவிட்டு, கையால் எழுதுவித்து மாட்ட வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். எழுதத் தெரிந்தவர் சாலையோரத்திலேயே இருக்கிறார்.