ஒரு குண்டுகூடச் சுடாமல் ஜெயித்தவர்! - பெயின்ட்பால் பிறந்த கதை

"டிஷ்யூம்... நீ செத்துட்ட!"

"போடா, என் மேல படவே இல்ல!"

திருடன் போலீஸ் விளையாடாத தெரு கிடையாது. அந்த விளையாட்டு சண்டையில் முடியாத நாளும் கிடையாது. விரலைத் துப்பாக்கியாக நீட்டிச் சுட்டவனுக்கு, சுட்டது நிச்சயம். ஓடியவனுக்கோ, படாதது நிச்சயம். நடுவில் சாட்சி சொல்ல ஆள் இல்லை. கடைசியில் யாருக்குக் குரல் பெரிதோ, அவன்தான் ஜெயிப்பான்.

தீராத இந்த வழக்குக்கு 1981-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு சாட்சி கிடைத்தது. அது பெயின்ட். சட்டையில் கறை இருந்தால் அவுட். கறை இல்லையென்றால் ஆட்டம் தொடரும். இவ்வளவுதான் விஷயம். இன்று ஐ.டி. அலுவலக டீம் அவுட்டிங்கில் மேனேஜரைக் குறிபார்த்துச் சுட வாய்ப்புத் தரும் பெயின்ட்பால், அப்படித்தான் பிறந்தது. அதை உருவாக்கியவர்களின் கதையைப் பார்த்தால், சுடுவதைவிட முக்கியமான சில விஷயங்கள் தெரியவருகின்றன.

நண்பர்களுக்குள் ஒரு வாக்குவாதம்

ஹேய்ஸ் நோயல் நியூயார்க்கில் பங்குச்சந்தை வியாபாரி. அவருடைய நண்பர் சார்லஸ் கெயின்ஸ் எழுத்தாளர். அர்னால்டு ஸ்வாஸ்நேகரை உலகத்துக்கு அறிமுகம் செய்த 'பம்பிங் அயன்' ஆவணப்படம், கெயின்ஸ் எழுதிய அதே பெயர் கொண்ட புத்தகத்தை அடிப்படையாகக் கொண்டது. அவர் வசித்தது நியூ ஹாம்ப்ஷைர் மாகாணத்தின் கிராமப்புறத்தில்.

இருவருக்கும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவே இல்லை. நகரத்தின் நெருக்கடியில் சமாளித்துப் பழகியவனைக் காட்டில் விட்டால், அவனால் பிழைத்துக்கொள்ள முடியுமா? 'முடியும், பிழைக்கும் புத்தி எங்கேயும் ஒன்றுதான்' என்பது நோயலின் கட்சி. 'காடு வேறு, அங்கே காட்டைத் தெரிந்தவன்தான் நிற்பான்' என்பது கெயின்ஸ் கட்சி. நம் ஊர் டீக்கடையில் ஆரம்பித்து அங்கேயே முடிந்துபோகும் வகையான வாக்குவாதம்தான். ஆனால், இவர்கள் விடவில்லை. பனிச்சறுக்குச் சாமான்கள் கடை வைத்திருந்த பாப் கர்ன்சி என்ற நண்பரையும் சேர்த்துக்கொண்டார்கள். பரீட்சை வைத்தே பார்த்துவிடுவது என்று முடிவானது.

எதை வைத்துப் பரீட்சிப்பது என்பதுதான் சிக்கல். நிஜத் துப்பாக்கியை எடுக்க முடியாது. விரலை நீட்டி 'டிஷ்யூம்' சொன்னால் பழைய சண்டைதான் வரும். அப்போதுதான், விவசாயச் சாமான்கள் கேட்டலாக் ஒன்றில் இருந்த ஒரு விநோதமான துப்பாக்கி அவர்கள் பார்வைக்கு வந்தது.

மரத்துக்குப் பொட்டு வைத்த துப்பாக்கி

அந்தத் துப்பாக்கியை யாரும் விளையாட்டுக்காகச் செய்யவில்லை. காட்டில் எந்த மரத்தை வெட்ட வேண்டும் என்று அடையாளம் போடுவது வனத்துறை ஊழியர்களின் வேலை. அதற்கான பெயின்ட்டைத் தயாரித்து வந்தது மிச்சிகன் மாகாணத்தின் நெல்சன் பெயின்ட் கம்பெனி. புதருக்கு அந்தப் பக்கமும் ஓடைக்கு அக்கரையிலும் நிற்கும் மரத்துக்கு எப்படிப் பொட்டு வைப்பது? தூரத்திலிருந்தே பெயின்ட்டை அடித்தால் என்ன என்று கம்பெனி யோசித்தது.

முதலில் க்ராஸ்மன் நிறுவனம் ஒரு துப்பாக்கி செய்து கொடுத்தது. அது அவ்வளவாக விற்கவில்லை. அடுத்து, சிறுவர்களுக்கான ஏர்கன்னுக்குப் பெயர்போன டெய்ஸி நிறுவனத்திடம் வேலை போனது. அங்கே ஜேம்ஸ் ஹேல் என்பவர் வடிவமைத்த துப்பாக்கிக்கு 1974-ல் காப்புரிமை கிடைத்தது. 'நெல்-ஸ்பாட் 007' என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. பெயரில்தான் ஜேம்ஸ் பாண்ட். வேலை, மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளம் போடுவது. மந்தையிலிருந்து பிரிக்க வேண்டிய மாட்டின் மேல் பண்ணைக்காரர்கள் அதால் ஒரு பொட்டு வைப்பார்கள்.

துப்பாக்கியைவிட ஆச்சர்யமானது அதில் போடும் உருண்டை. மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மீன் எண்ணெய் மாத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள். மெத்தென்ற ஜெலட்டின் தோல், உள்ளே திரவம். பெயின்ட் உருண்டையும் அதே ஜாதிதான். ராபர்ட் பவுலி ஷெரர் என்ற அமெரிக்கர் 1930-களில் மாத்திரைகளுக்காக உருவாக்கிய இயந்திர முறைதான் இதற்கும் உதவியது. இரண்டு ஜெலட்டின் பட்டைகள், சுழலும் இரண்டு உருளைகளுக்கு நடுவே வந்து சேரும். உருளைகளில் அரைக்கோளக் குழிகள் இருக்கும். பட்டைகள் ஒட்டும் அதே நொடியில் நடுவில் திரவம் பாய்ந்து, உருண்டை மூடிக்கொண்டு விழும். பிறகு உலர்த்துவார்கள்.

இதில் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் வேலை கெட்டுவிடும். தோல் தடித்தால், பட்டும் உடையாது. மெலிந்தால், குழலுக்குள்ளேயே உடைந்துவிடும். புறப்படும்போது தாங்க வேண்டும், போய்ச் சேர்ந்ததும் உடைய வேண்டும். மாத்திரைகளுக்காக உருவான தொழில்நுட்பம் விளையாட்டு மைதானத்துக்கு வந்தது இப்படித்தான்.

அந்த 12 பேர்

1981 ஜூன் 27. நியூ ஹாம்ப்ஷைரின் ஹெனிகர் என்ற ஊரையொட்டிய காடு. மொத்தம் 12 பேர் கூடினார்கள். அவர்களில் டாக்டர் இருந்தார், சினிமா தயாரிப்பாளர் இருந்தார், வியட்நாம் போரில் பணியாற்றியவர் இருந்தார், மரத்தொழில் செய்பவரும் இருந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு நெல்-ஸ்பாட், ஒரு கண்ணாடி, காட்டின் வரைபடம்.

விதிகளை வகுத்தவர் கர்ன்சி. காட்டின் நான்கு இடங்களில் நான்கு நிறக் கொடிகள் இருக்கும். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு கொடியை எடுத்துக்கொண்டு, சட்டையில் கறை படாமல் வெளியே வர வேண்டும். அணி கிடையாது. ஒவ்வொருவருக்கும் மற்ற 11 பேரும் எதிரி.

யார் ஜெயித்திருப்பார்? போர் பார்த்தவர் என்று நினைக்கத் தோன்றும். ஜெயித்தவர் ரிச்சி ஒயிட், மரத்தொழில்காரர். அவர் யாரையும் சுடவில்லை. அவர் துப்பாக்கியிலிருந்து ஓர் உருண்டைகூட வெளியே வரவில்லை. சத்தம் காட்டாமல், யார் கண்ணிலும் படாமல், நான்கு கொடிகளையும் எடுத்துக்கொண்டு நடந்து வந்துவிட்டார். யாரும் அவரைப் பார்க்கவே இல்லை.

கெயின்ஸ் கட்சி ஜெயித்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆட்டக்காரர்களில் ஒருவர் எழுதிய கட்டுரை 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழில் வெளியானது. 'நாங்களும் விளையாட வேண்டும்' என்று விசாரிப்புகள் குவிந்தன. மூன்று நண்பர்களும் சேர்ந்து 'நேஷனல் சர்வைவல் கேம்' என்ற பெயரில் இதை ஒரு தொழிலாகவே ஆக்கினார்கள்.

கராஜில் பிறந்த வேகம்

நெல்-ஸ்பாட் மெதுவான துப்பாக்கி. ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தயார்செய்ய வேண்டும். அடுத்த உருண்டை உள்ளே உருண்டு வர, துப்பாக்கியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். சிறிய கார்பன் டை ஆக்ஸைடு குப்பி தீர்ந்தால் மாற்ற வேண்டும். மரத்துக்கு இது போதும், மரம் ஓடாது. மனிதன் ஓடுவான். உள்ளே இருந்த பெயின்ட்டும் எண்ணெய் கலந்தது. விளையாடி முடித்ததும் டர்பன்டைன் போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது. துணி துவைத்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை யூகித்துக்கொள்ளலாம்! தண்ணீரில் கழுவினால் போகும் வண்ணக் கலவை பிறகுதான் வந்தது.

பெரிய கம்பெனிகள் இந்தப் பக்கம் திரும்பும் முன்பே, லேத் பட்டறையும் கைத்திறனும் உள்ள சிலர் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். கலிஃபோர்னியாவின் பட் ஆர் அவர்களில் ஒருவர். கையால் பம்ப் செய்யும் துப்பாக்கிகளைச் செய்துவந்த அவர், அந்தக் கையின் வேலையைக் காற்றழுத்தத்திடம் ஒப்படைத்தார். துப்பாக்கியின் முன்பக்கம் ஒரு சின்ன பிஸ்டன். சுட்டதும் அதுவே பின்னால் தள்ளி, முன்னால் இழுத்து, அடுத்த உருண்டைக்குத் தயாராகும். 'ஆட்டோகாக்கர்' என்ற அந்தத் துப்பாக்கி, 90-களின் நாயகர்களில் ஒன்று.

அதற்கு நேர்ப் போட்டி, டாம் கே உருவாக்கிய 'ஆட்டோமேக்'. இந்த டாம் கே சுவாரஸ்யமான மனிதர். துப்பாக்கி வடிவமைத்த கையோடு, வானியலிலும் தொல்லுயிர் ஆராய்ச்சியிலும் இறங்கினார். டைனோசர் எலும்புக்குள் கிடைத்த மென்திசு என்று சொல்லப்பட்டது, உண்மையில் பாக்டீரியாக்கள் விட்டுச்சென்ற படலமாக இருக்கலாம் என்று 2008-ல் தன் குழுவினரோடு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டு, விஞ்ஞானிகளிடையே விவாதத்தைக் கிளப்பியவர் அவர்தான்.

இந்தியானா மாகாணத்தின் டென்னிஸ் டிப்மன் வந்த பாதை வேறு. அசல் இயந்திரத் துப்பாக்கிகளைப் பாதி அளவில் அப்படியே செய்து விற்றுக்கொண்டிருந்தவர். பொதுமக்களுக்காகப் புதிதாக இயந்திரத் துப்பாக்கி செய்து விற்பதற்கு 1986-ல் அமெரிக்கச் சட்டம் தடை போட்டது. தொழில் நின்றது. கையில் இருந்த திறமையை அவர் பெயின்ட்பாலுக்குத் திருப்பினார். அடுத்த ஆண்டே 'எஸ்.எம்.ஜி-60' வந்தது. உயிரெடுக்கும் கருவியின் மாதிரிகளைச் செய்த கைகள், வண்ணம் அடிக்கும் கருவிக்கு மாறின. ஒரு சட்டத்தால் இப்படியும் ஒரு நல்லது நடந்தது.

90-களின் நடுவில் மின்னணுத் துப்பாக்கிகள் நுழைந்தன. நொடிக்குப் பத்துக்கும் மேற்பட்ட உருண்டைகள் பறந்தன. போட்டிகளை நடத்துபவர்களே, 'நொடிக்கு இத்தனைக்கு மேல் கூடாது' என்று வரம்பு வைக்க வேண்டிய நிலை வந்தது. உருண்டைக்குக் காசு கொடுக்க வேண்டுமே! நிறைய வாங்க முடிந்தவன் கை ஓங்கியது. பதுங்கி நடக்கத் தெரிந்த ரிச்சி ஒயிட்டுகளுக்கு அந்த மைதானத்தில் இடம் குறைந்தது. இதனாலேயே, இன்றும் சிலர் பழைய பம்ப் துப்பாக்கியோடு மட்டும் ஆடுகிறார்கள்.

கண்ணைக் காத்தவர்கள்

வேகத்தைக் கூட்டியவர்களின் பெயர்களை ரசிகர்கள் மறப்பதில்லை. ஆனால், இந்த விளையாட்டு இன்றும் உயிரோடு இருக்கக் காரணம், வேகத்துக்கு வேலி போட்டவர்கள்.

பெயின்ட் உருண்டையின் குறுக்களவு சுமார் 17 மில்லிமீட்டர், எடை சுமார் 3 கிராம். மைதானங்களில் வழக்கமாக அனுமதிக்கப்படும் அதிகபட்ச வேகம் நொடிக்கு 300 அடி. மணிக்குச் சுமார் 330 கிலோமீட்டர்! கிரிக்கெட்டில் ஷோயப் அக்தர் வீசிய சாதனைப் பந்தின் வேகமே மணிக்கு 161.3 கிலோமீட்டர்தான். தொடையில் பட்டால் சில நாள்களில் ஆறும் கன்றிப்போன காயம். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

ஆரம்பக் காலத்தில் பலரும் போட்டுக்கொண்டது பட்டறைக் கண்ணாடிதான். இரும்புத் தூள் தெறிப்பதைத் தடுக்கும் கண்ணாடியால், குறிபார்த்து வரும் உருண்டையைத் தாங்க முடியாது. மோட்டோகிராஸ் பைக் பந்தயத்துக்குக் கண்ணாடி செய்துவந்த ஜே.டி. போன்ற நிறுவனங்கள் இந்தப் பக்கம் வந்தன. கண்ணாடியோடு முகத்தையும் காதையும் மூடும் கவசம் உருவானது. அது எத்தனை அடியைத் தாங்க வேண்டும் என்பதற்கு, ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பு தனி விதிமுறையே எழுதியது. உருண்டையின் வேகத்தை அளக்கும் கருவி மைதான வாசலுக்கு வந்தது. வெளியே இருக்கும்போது குழலுக்கு உறை போடுவது கட்டாயமானது.

இந்த விளையாட்டில் கண் காயங்கள் பற்றி வந்த மருத்துவக் கட்டுரைகள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றைத்தான். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்த நேரத்தில் கவசம் அணிந்திருக்கவில்லை. வியர்க்கிறது, பனி படர்ந்து தெரியவில்லை, ஆட்டம் முடிந்துவிட்டது என்று ஒரு நிமிடம் கழற்றியவர்களும் அவர்களில் உண்டு. அந்த ஒரு நிமிடம் போதும்.

அதனால், குழந்தைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது துப்பாக்கியை அல்ல, கவசத்தை. முகத்தோடு இறுக்கமாகப் பொருந்துகிறதா? லென்ஸில் விரிசல் இருக்கிறதா? வேகத்தை அளந்தார்களா? ஆடுகளத்துக்குள் எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது என்று நடுவர் சொல்லிக்கொடுத்தாரா? இல்லையென்றால், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, திரும்பி வந்துவிடலாம்.

கையைத் தூக்குபவர்கள்

பெயின்ட்பால் ஆடுபவர்கள் பலரும் தங்கள் கருவியைத் துப்பாக்கி என்று சொல்வதில்லை. 'மார்க்கர்' என்பார்கள். அடையாளம் போடும் கருவி. மரத்துக்குப் பொட்டு வைத்த அதன் பூர்விகம் அந்தச் சொல்லில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பெயின்ட் என்ற சாட்சி வந்த பிறகும் ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. முதுகில் பட்ட கறையை, யாரும் பார்க்காதபோது துடைத்துவிட்டால்? ஆட்டத்திலேயே பெரிய அவமானம் அதுதான். பட்டதும் கையைத் தூக்கி, 'ஹிட்' என்று தானே சொல்லி வெளியே வருபவர்களை நம்பித்தான் இந்த ஆட்டம் நடக்கிறது. அதைச் செய்ய வைக்கும் கருவியை எந்த வடிவமைப்பாளரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

திருடன் போலீஸ் ஆடும் தெருவிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கும். "ஆமாடா, பட்டுச்சு, நான் அவுட்டு" என்று சிரித்தபடி ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் டீம் பிரிக்கும்போது, எல்லோரும் முதலில் கூப்பிடுவது அந்தப் பிள்ளையைத்தான்.