கழுவுற தண்ணி

காய்கறியை ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவிய பிறகே நறுக்க வேண்டும் என்று எந்தச் சமையல் குறிப்பை எடுத்தாலும் போட்டிருக்கிறது. சரிதான். தண்ணீர் யார் வீட்டில் ஓடுகிறது என்று மட்டும் எந்தக் குறிப்பும் கேட்பதில்லை.

ஒட்டன்சத்திரம் பக்கம் எங்க ஊர். அந்தச் சந்தைக்கு எங்க ஊரிலிருந்து போகிற கத்திரி, தக்காளி, முருங்கையெல்லாம் எங்க தெருப் பொம்பளைகள் கை பட்டதுதான். பறிக்கிறது நாங்க, சொத்தை பொறுக்கிறது நாங்க, சாக்குல கட்டுறதும் நாங்க. தோட்டத்து வீட்டுக்குன்னு நல்ல காயா தனியா ஒரு கூடை எடுத்து வைக்கணும். எங்கம்மா அதை வாசல்ல இறக்கிட்டுத் தள்ளி நிக்கும். உள்ள இருந்து சொம்புல தண்ணி வரும். காய் மேல ஒரு கை தெளிப்பாங்க. அப்புறம்தான் கூடை உள்ள போகும். அந்த ஒரு கைத் தண்ணியில மருந்து போயிருக்குமா? மருந்தைப் பத்தி யாருக்கு அங்க கவலை! போகவேண்டியது எங்க கை பட்ட தீட்டு.

மருந்தைப் பத்திக் கவலைப்பட்டது எங்கம்மாதான். எந்தக் காட்டுல என்னைக்கு அடிச்சாங்கன்னு மனசுலயே கணக்கு வச்சிருக்கும். அடிச்ச மறுநாள் பறிக்கப் போனா விரலிடுக்கெல்லாம் எரியும். கூலியோட சேத்துக் குடுக்கிற சொத்தைக் காயை மடியில கட்டிக்கிட்டு வரும்போது சொல்லும்: "புழு இருக்கிற காயை நம்பித் திங்கலாம் புள்ள. அது உசுரோட நெளியுதில்ல."

சிரிப்பாகத்தான் சொல்லும். ஆனால் விஷயம் இருக்கிறது. மோனோகுரோட்டோபாஸ் செடியின் சாற்றுக்குள்ளேயே ஏறிவிடுகிற மருந்து. காயின் மேலே ஒட்டியதைத் தண்ணீர் எடுக்கும்; உள்ளே ஏறியதை உப்பும் எடுக்காது, மஞ்சளும் எடுக்காது. காய்கறிக்கு இதை அடிக்கக் கூடாது என்று அரசு தடை போட்டது 2005இல். எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது 2011இல். அதுவரை அதையெல்லாம் வெறும் முதுகில் டேங்க்கைச் சுமந்து அடித்தவர்கள் யார், அடித்த செடிக்குள் வெறுங்கையை விட்டுப் பறித்தவர்கள் யார் என்று யாரும் கணக்கு எடுத்து எங்க தெருவுக்கு வரவில்லை.

எங்க காலனிக் குழாயில ரெண்டு நாளைக்கு ஒருக்காத்தான் தண்ணி. அதனால ஒரே சட்டித் தண்ணியில எல்லாத்தையும் கழுவணும். மொதல்ல தக்காளி, அப்புறம் கத்திரி, கடைசியாத்தான் மண்ணு ஒட்டின கீரை. கீரையைப் போட்டுக் கலக்கக் கூடாது. முக்கி வச்சா மண்ணு அடியில தங்கிரும். மேலாக அள்ளி எடுத்துரணும். மிச்சத் தண்ணி முருங்கை மரத்துக்கு.

எடுத்து வைக்கிற காயை அம்மா கழுவவே கழுவாது. ஈரம் பட்டா அழுகிரும். வெங்காயத்தைக் காத்தாடப் பரப்பி வைக்கும். இஞ்சி ஈரமணல் சட்டிக்குள்ள. கீரையை ஈரத்துணியில சுத்தி, வாழைப்பழம் இருக்கிற பக்கமே கொண்டு போகாது. "பழத்துக் காத்து பட்டா கீரை பழுத்துரும்" என்னும். அந்தக் காத்துக்கு எத்திலீன் என்று பெயர் இருப்பது நான் கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்தது. கொத்தவரை, கத்திரி மலிவாக் கெடைக்கிற காலத்துல உப்புப் போட்டு அரை வேக்காடு வேகவச்சு, கூரை மேல காயப்போட்டு வத்தலாக்கிரும். அடைமழையில வேலையில்லாத நாளுக்கு அந்த வத்தல்தான் குழம்பு. ஃபிரிட்ஜ் எங்க வீட்டுக்கு வந்தது நான் வேலைக்குப் போன பிறகு. இன்னமும் அம்மா அதுல தக்காளியை வைக்க விடாது. ருசி செத்துரும்னு சண்டை போடும்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்து கிடந்தது. விசாரித்த சிபிசிஐடி 2025 ஜனவரியில் அதே ஊர் தலித் இளைஞர்கள் மூன்று பேர் மேலேயே குற்றப்பத்திரிகை போட்டது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. தண்ணியே அப்படி வந்தால் எதைக் கொண்டு காயைக் கழுவுவது?

அந்தச் செய்தி வந்ததிலிருந்து எங்கம்மா குடத்துல பிடிச்ச தண்ணியை ஒரு கை அள்ளி மோந்து பாத்திட்டுத்தான் சட்டியில ஊத்துது. எங்க காலனித் தொட்டி ஏணிக்குக் கதவும் பூட்டும் கேட்டு ஊராட்சியில ரெண்டு தரம் மனுக் குடுத்தாச்சு. இன்னும் போடலை.