எங்கள் தாமான் தோம்யாம் கடை

காஜாங் என்றதும் எல்லாருக்கும் சாத்தேதான் ஞாபகம் வரும். சனி, ஞாயிறு ஆனால் கோலாலம்பூரிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் காரை எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிறார்கள். இங்கேயே குடியிருக்கும் நாங்கள், வீட்டுக்கு விருந்தாளி வந்தாலொழிய அந்தப் பக்கம் போவதில்லை. வேலை முடிந்து இரவு எட்டரைக்கு எம்.ஆர்.டி.யிலிருந்து இறங்கி, இனி வீட்டுக்குப் போய் அடுப்பு பற்றவைக்கத் தெம்பில்லை என்று தோன்றும்போது கால் தானாகப் போவது எங்கள் தாமான் கடைவரிசையின் கோடியில் இருக்கும் தோம்யாம் கடைக்குத்தான்.

அதற்கு ஒரு பெயர்ப்பலகை உண்டு. யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு அது தோம்யாம் கடை. என் அப்பாவுக்குச் சயாம்காரன் கடை.

இருட்டத் தொடங்கியதும் மேசைகள் ஐந்தடியைத் தாண்டிக் கார் நிறுத்துமிடம் வரைக்கும் வந்துவிடும். பாங்கி பல்கலைக்கழகத்து மாணவர்கள், சுங்கை சுவாவிலிருந்து வரும் சீனக் குடும்பங்கள், காற்பந்து பார்க்க ஒரே ஒரு தே ஓ ஐஸோடு இரண்டு மணி நேரம் உட்காரும் பையன்கள், நடுவில் நாங்கள். உள்ளே குவாலியில் தீ எழும்பி இறங்கும். மிளகாய் நெடி தொண்டையைப் பிடித்து இருமினால்தான் கடைக்கு வந்து சேர்ந்ததாக என் மகன் ஒத்துக்கொள்வான்.

பரிமாறும் பையன் வந்து கேட்பது, “நோக் மாக்கே காப்போ?” முதல் தடவை கேட்பவர்கள் விழிப்பார்கள். நம் ஊர் மலாயில் ‘மாக்கான்’ என்பது அவர்கள் வாயில் ‘மாக்கே’, ‘ஈக்கான்’ என்பது ‘ஈக்கே’, ‘ஆப்பா’ என்பது ‘காப்போ’. கிளந்தான்காரர்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், பட்டானியிலிருந்தும் நராத்திவாத்திலிருந்தும் வந்தவர்கள். தாய்லாந்துக் குடியுரிமை, வீட்டில் பேசுவது மலாய், தொழுவது சுராவில். 1909-ல் ஆங்கிலேயரும் சயாமும் போட்ட ஒப்பந்தத்தில் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு நான்கும் இந்தப் பக்கம் வந்தன. பட்டானி அந்தப் பக்கமே நின்றுவிட்டது. கோலோக் ஆற்றுக்கு இக்கரையில் அத்தை வீடு, அக்கரையில் மாமா வீடு என்று இருந்தவர்கள் பிறகு பாஸ்போர்ட் காட்டிப் போய்வர வேண்டியதாயிற்று. நம் நாட்டுத் தோம்யாம் கடைகளில் பெரும்பாலானவற்றில் குவாலி பிடிப்பவர்கள் இவர்கள்தாம். 2020 மார்ச்சில் எல்லை மூடப்பட்டபோது சில தாமான்களில் பல மாதங்கள் தோம்யாமே கிடைக்காமல் போனதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே இங்கே கிடைப்பதைப் பாங்காக் சாப்பாடு என்று எண்ணிவிடாதீர்கள். பாப்ரிக் என்பது தாய் மொழியில் ‘பாட் பிரிக்’, அதாவது மிளகாய் போட்டு வதக்கியது; மலாய் நாக்குக்கு ஏற்றபடி இனிப்பு கூடியிருக்கிறது. முட்டையில் பொட்டலம் கட்டி மேலே சில்லி சாஸில் கோடு போட்டுத் தரும் நாசி கோரேங் பத்தாயாவுக்கும் பத்தாயா நகருக்கும் பெயர்தான் உறவு. தோம்யாம் மட்டும் ஊர் விட்டு ஊர் வந்தும் குணம் மாறாதது. ‘தோம்’ என்றால் கொதிக்கவைப்பது, ‘யாம்’ என்றால் காரமும் புளிப்புமாகக் கலப்பது. செராய்த் தண்டை நசுக்கிப் போட்டு, அரத்தை, நாரத்தை மாதிரி மணக்கும் லீமாவ் பூருட் இலை, சிலி பாடி, மீன் சாறு, கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு எலுமிச்சைச் சாறு. எலுமிச்சையைக் கொதிக்கவிட்டால் கசந்துவிடும், நம் எலுமிச்சை ரசம் போலவே. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ, இறால் போட்ட ‘தோம்யாம் குங்’கைத் தாய்லாந்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது, “அப்படியானால் ஒரு வெள்ளி விலை ஏற்றலாமா?” என்றார்.

நம் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. மாடு சாப்பிடாதவர்கள் “ஆயாம் சாஜா” என்று சொன்னால் மட்டும் போதாது. சூப்புக்கு எந்த எலும்பு போட்டார்கள் என்றும் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வெள்ளிக்கிழமை சைவம் என்றால் இந்தக் கடையைத் தள்ளிப்போடுவது நல்லது. கங்கோங் கீரையில் பெலாச்சான் இருக்கும், கைலானில் கருவாடு இருக்கும். ஒன்றுமில்லை என்று கொண்டுவரும் காய்கறியில்கூடச் சிப்பிச் சாறு இருக்கும்.

அப்பா இந்தக் கடைக்கு வராததற்குக் காரணம் மாடோ பெலாச்சானோ அல்ல.

அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. காஜாங் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது, 1943-ல், தாத்தாவைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று பேச்சு. காஜாங் ஸ்டேஷனில் சாமான் ஏற்றும் பெட்டியில் ஏற்றினார்கள், கதவைச் சாத்தும்போது தாத்தாவின் கை மட்டும் வெளியே தெரிந்தது என்று ஆயா சொல்வார். நான் தினமும் எம்.ஆர்.டி.யிலிருந்து கே.டி.எம்.முக்கு மாறும் அதே காஜாங்தான்.

415 கிலோமீட்டர் பாதை, பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை. அந்த அக்டோபரில் தண்டவாளம் இணைந்துவிட்டது. தாத்தா வரவில்லை. கஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கான கல்லறையில் சுமார் 7,000 கற்கள் வரிசையாக இருக்கின்றன, பெயரோடும் வயதோடும். நம் தோட்டத்து ஆட்களுக்கு அப்படி ஒரு பெயர் வரிசை கிடையாது. செத்தார் என்று யாரும் வந்து சொல்லாததால் ஆயா கடைசிவரை குங்குமத்தை அழிக்கவில்லை. எங்கள் வீட்டில் சயாம் அரிசி வாங்கமாட்டார்கள். தாய்லாந்துக்குச் சுற்றுலா என்று நான் ஒருமுறை பேச்செடுத்தபோது அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

இந்த வருஷம் மகளுக்கு எஸ்.பி.எம். முடிவு வந்தது. “எங்க கேட்டாலும் கூட்டிப் போறேன்” என்று அப்பா அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவள் யோசிக்காமல் தோம்யாம் கடை என்றாள். எனக்குத் திக்கென்றது. அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

கடையில் தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். தண்ணீர்கூட வேண்டாம் என்றார். பையன் வந்து, “பாக்சிக், நோக் மாக்கே காப்போ?” என்று கேட்டதும் அப்பா என்னைப் பார்த்தார்.

“என்னாடா பாஷை இது? சயாமா?”

“மலாய்தான்ப்பா. அவங்க ஊர் மலாய்.”

அப்பா அவனிடமே கேட்டார், ஓராங் சியாமா என்று. அவன் சிரித்துக்கொண்டு, பட்டானி என்றான். கஞ்சனபுரி தெரியுமா என்று அடுத்த கேள்வி. பையனுக்குப் பதில் தெரியவில்லை. உள்ளே போய்க் கடைக்காரரை அழைத்து வந்தான். ஐம்பது வயதிருக்கும். தோளில் துண்டு, கையெல்லாம் எண்ணெய்.

“அது பாங்காக்கையும் தாண்டி, பாக்சிக். நான் போனதே இல்லை. எங்கள் ஊருக்குக் காஜாங்தான் கிட்டே” என்றார் மலாயில். “அங்கே என்ன வேலை?”

“என் அப்பா போனார். ரயில் போட. திரும்பவில்லை.”

இதை அப்பா ஒரு மலாய்க்காரரிடம் சொல்லி நான் கேட்டது அன்றுதான். என்னிடமே அவர் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. கடைக்காரர் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். “ஜப்பான் காலமா?” என்றார். அப்பா தலையாட்டினார். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். குவாலியில் ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது. அவர் போய்விட்டார். நான் ஏதாவது சொல்ல வேண்டுமென்று நினைத்தேன். அதற்குள் சிகரம் போலப் புகைபோக்கி நிற்கும் அந்தச் சட்டியில் தோம்யாம் வந்துவிட்டது. மகள் தாத்தாவின் கிண்ணத்தில் ஊற்றினாள்.

அப்பா குடித்தார். இரண்டாம் முறையும் ஊற்றச் சொன்னார். “ரசந்தான். புளிப்பு ஜாஸ்தி. ஆயா வெச்சிருந்தா இன்னும் கொஞ்சம் மிளகு போட்டிருக்கும்” என்றார். நாலு பேருக்கு எழுபது வெள்ளி சொச்சம் ஆயிற்று. அப்பாதான் கொடுத்தார்.

அதற்கப்புறம் அப்பா அங்கே போகவில்லை. நானும் அழைக்கவில்லை. ஆனால் பொட்டலம் கட்டி வாங்கி வந்தால் சூப்பில் பங்கு கேட்கிறார்.

ஜூன் மாதம் ஹரி ராயா ஹாஜிக்குக் கடையைப் பூட்டிவிட்டு எல்லாரும் ஊருக்குப் போனார்கள். ஒரு வாரம் என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். இரண்டு வாரமாயிற்று, மூன்றாவது வாரமும் தொடங்கிவிட்டது. அப்பா சாயங்காலம் நடக்கப் போகும் வழியை மாற்றிக்கொண்டு கடைவரிசையைச் சுற்றி வரத் தொடங்கினார். நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பார், “அந்தப் பட்டானிக்காரன் வந்துட்டானா?”

ஒரு வியாழக்கிழமை இரவு அந்தப் பக்கம் விளக்கு எரிந்தது. மிளகாய் நெடி தெருமுனை வரைக்கும் வந்தது. வீட்டுக்கு வந்து, “வந்துட்டார்ப்பா” என்றேன்.

“எல்லாருமா?”

“எல்லாரும்.”

“சரி” என்று சொல்லிவிட்டு, டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.