கோடைக்கானலில் மணி என்ன?

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் பெண்டுலக் கடிகாரம் பார்த்திருப்பீங்க. அதோட தண்டு இரும்பா இருந்தால், சித்திரை வெயிலில் அதுக்கும் சோம்பல் வந்துடும். சூட்டில் தண்டு நீளும். நீண்டால் ஆட்டம் மெதுவாகும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஒரு நாளைக்குச் சுமார் 5 விநாடி பின்தங்கும்.

'அஞ்சு விநாடியில என்ன குடி முழுகிடும்?'னு கேட்கிறீங்களா? நட்சத்திரத்தையும் கடிகாரத்தையும் வெச்சுத்தான் ஒரு ஊர் பூமியில எங்கே இருக்குன்னு அந்தக் காலத்தில் கணக்குப் போட்டாங்க. 5 விநாடி தப்பினால், மேப்பில் சென்னையே 2 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துடும்!

அந்த அஞ்சு விநாடியை ஜெயிச்ச கடிகாரம் ஒண்ணு நம்ம பக்கத்து மலையிலேயே இருக்கு. கோவிலூர்லேருந்து ஒரே நாளில் போய் வரலாம். காரைக்குடி, மதுரை, வத்தலக்குண்டு வழியா கோடைக்கானல். ஆனா, விடியறதுக்கு முன்னாடியே பஸ் ஏறிடணும். வத்தலக்குண்டு வரைக்கும் கர்ச்சீஃபுக்கு வேலை. அதுக்கு மேலே ஸ்வெட்டருக்கு!

எல்லாரும் ஏரியைச் சுத்தி சைக்கிள் மிதிக்கும்போது, நீங்க சூரிய ஆய்வகத்துக்கு வண்டியைத் திருப்புங்க. 2,343 மீட்டர் உயரம். அங்கே இருக்கும் மியூசியத்துக்குப் பார்வை நேரம் உண்டு, விசாரிச்சுட்டுப் போங்க. போனதும் 'ஷெல்ட்டன் கடிகாரம்'னு கேளுங்க.

லண்டன்காரர் ஜான் ஷெல்ட்டன் செய்தது. 1769-ல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்ததைப் பார்க்க கேப்டன் குக் டஹிட்டி தீவுக்குப் போனாரே, அவர் கொண்டுபோனதும் ஷெல்ட்டன் கடிகாரம்தான். நம்ம கடிகாரம் மெட்ராஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்தது. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த ஆய்வகம் அது. 1906-ல் இந்திய நேரம் வரும்வரை, நாட்டில் பெரும்பாலான ரயில்கள் ஓடினது மெட்ராஸ் நேரப்படிதான். அப்புறம் கடிகாரமும் மலையேறிடுச்சு.

வெயிலை அது எப்படிச் சமாளிச்சதுன்னு மெக்கானிக்கல் பசங்க கவனிங்க. பெண்டுலத்தில் ஒரே தண்டு கிடையாது. எஃகும் பித்தளையும் ஜன்னல் கம்பி மாதிரி மாறி மாறி நிற்கும். சூட்டில் எஃகு கீழ்ப்பக்கமா நீளும். பித்தளை அதைவிட அதிகமா, ஆனா மேல்பக்கமா நீளும். ரெண்டும் கழிஞ்சு, நீளம் மாறாது! ஜான் ஹாரிசன் என்ற தச்சர் கண்டுபிடிச்ச வித்தை இது. எந்த காலேஜிலும் படிக்காதவர்!

அதே வளாகத்தில் இன்னொரு கடிகாரமும் உண்டு. சூரியன்தான் அது! சூரியனில் கரும்புள்ளிகள் கூடிக் குறைய சுமார் 11 வருஷம். 1904-லிருந்து அதைப் படம் பிடிச்சுட்டு வர்றாங்க. ஏன் தெரியுமா? 1876–78 பஞ்சம். தாது வருஷப் பஞ்சம்னு பாட்டிமார் சொல்வாங்களே, அதேதான். லட்சக்கணக்கானவங்க செத்தாங்க. சூரியனைக் கவனிச்சா மழை எப்போ பொய்க்கும்னு முன்கூட்டியே தெரியுமாங்கற கேள்விதான், 1901-ல் இங்கே ஆய்வகம் வேலையைத் தொடங்கினதுக்கு ஒரு முக்கியக் காரணம். கரும்புள்ளியைப் பார்த்து மழை சொல்லும் வழி கிடைக்கலை. ஆனால், கரும்புள்ளியில் வாயு வெளிப்பக்கமா பாயுதுன்னு 1909-ல் ஜான் எவர்ஷெட் இங்கேதான் கண்டுபிடிச்சார். உலகப் பாடப் புத்தகங்களில் அது 'எவர்ஷெட் விளைவு'.

மூணாவது கடிகாரத்துக்கு முள்ளே கிடையாது. குறிஞ்சிச் செடி! 12 வருஷம் சும்மா இருந்து, ஒரே சமயத்தில் மலையையே நீலமாக்கி, விதை போட்டுட்டுச் செத்துப்போகும். முதுவர் பழங்குடியினர் தங்க வயசையே குறிஞ்சி பூத்த கணக்கில் சொல்வாங்க. 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. அடுத்தது 2030.

ஷெல்ட்டன் கடிகாரத்துக்குக் கண்ணாடியும் காவலும் உண்டு. சூரியனை யாரும் தொட முடியாது. குறிஞ்சிக்கு இருக்கிற வீடு மலைப் புல்வெளி மட்டும்தான். அதையும் சீகை மரம், யூகலிப்டஸ், பைன்னு வெளியூர் மரங்களை நட்டுப் பெரும்பகுதி மூடியாச்சு. நிழல் விழுந்த இடத்தில் குறிஞ்சி முளைக்காது. மூணு கடிகாரத்தில், நம்ம கையால நின்னுபோகக்கூடியது இது ஒண்ணுதான்.

அதனால, மலைக்குப் போனா மரமில்லாத புல்மேட்டைப் பார்த்து 'வெட்டி இடம்'னு நினைச்சு பிளாஸ்டிக்கை வீசிட்டு வராதீங்க. 2030-க்காக அங்கே ஒரு கடிகாரம் ஓடிட்டிருக்கு!