கெலமங்கலத்தில் சாய்த்துப் பிடித்த வெளிச்சம்

கும்பகோணத்தில் பிறந்தவனுக்குச் சிற்பம் என்றால் ஓர் அளவுகோல் தானாக வந்து சேர்ந்துவிடும். தாராசுரத்துத் தூண்களில் விரல் உயரத்துக்குச் செதுக்கிய ஆடல் பெண்களைப் பார்த்து வளர்ந்த கண் இது. அதனால் ஒசூர் அருகே கெலமங்கலம் பக்கத்து நிலங்களில் நிற்கும் நடுகற்களைப் படமெடுக்கப் புறப்பட்டபோது, கலையைத் தேடிப் போகிறோம் என்ற எண்ணமே எனக்கு இல்லை. வரலாற்றுக்காகப் போகிறேன், கூடவே ரோஜாத் தோட்டமும் ராயக்கோட்டை மலையும் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன்.

ரோஜா முதலில் கிடைத்தது. மார்கழி பாதியில் பசுமைக்குடில்களில் பூவைவிட வெட்டிய கிளைதான் அதிகம். பிப்ரவரி 14-க்குப் பூ கையில் இருக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய ஒன்றரை மாதம் முன்பே செடியைக் கவாத்து செய்தாக வேண்டும். அரும்பு விட்டதும் ஒவ்வொன்றுக்கும் சிறு வலைத்தொப்பி மாட்டுகிறார்கள். இதழ் அவசரப்பட்டு விரியக் கூடாது. அறுத்த பூவைத் தண்டின் நீளம் பார்த்துப் பிரித்து, இருபது இருபதாகக் கட்டுகிறார்கள். இங்கே எல்லோரும் சொல்லும் பெயர் ‘தாஜ்மஹால்’. அடர்சிவப்பு ரகம். நெகிழிக் கூரை வழியாக வரும் வெளிச்சம் எங்கும் ஒரே சீராகப் பரவி நின்றது. பூவைப் படமெடுக்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது, நிழலே விழாது. எடுத்த படங்கள் எல்லாம் அழகாக இருந்தன. ஒன்றுகூட மனதில் நிற்கவில்லை.

மறுநாள் விடியுமுன் ஒரு ராகிக் கொல்லைக்குப் போனேன். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை, காரணம் பின்னால் வரும். அறுவடை முடிந்து போர் போட்டிருந்தார்கள். யானைக்குக் காவல் இருக்கும் பரண் ஒன்று ஓரத்தில் நின்றது. பன்னேர்கட்டா காட்டிலிருந்து ராகி விளையும் காலத்தில் கூட்டமாக இறங்கி வரும் யானைகளுக்காக இந்தப் பக்கம் இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். புங்கமரத்தடியில் இடுப்பளவு மண்ணில் புதைந்த கல். அளவு தெரிய வேண்டும் என்று நாடாவை எடுத்துக் கல்லின் மேல் பிடித்தேன்.

“எவரு நுவ்வு?”

பனிக்குள்ளிருந்து ஒரு வயதான அம்மா வந்தார். தெலுங்கு எனக்கு வராது என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறினார். கோபம் மாறவில்லை.

“எந்த ஆபீசு? யார் அனுப்பிச்சாங்க?”

எந்த ஆபீசும் இல்லை, கல்லைப் படமெடுக்க வந்தேன் என்றேன்.

“கல்லுக்கு எதுக்குப்பா டேப்பு? இப்பிடித்தான் மொதல்ல போட்டோ புடிப்பாங்க. அப்புறம் அளப்பாங்க. அப்புறம் நோட்டீசு வரும்.”

அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. கெலமங்கலத்துக்கு அடுத்த உத்தனப்பள்ளியிலும் அயர்னப்பள்ளி, நாகமங்கலம் பகுதிகளிலும் சிப்காட் தொழிற்பூங்காவுக்காக 3,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கும் திட்டம் வந்தது. 2023-இல் விவசாயிகள் உத்தனப்பள்ளியில் தொடர்ந்து உட்கார்ந்து போராடினார்கள். விளைநிலத்தின் நடுவில் நாடாவோடு நிற்கும் அந்நியனை இந்த ஊர் வேறு எப்படிப் பார்க்கும்?

இந்தச் சந்தேகத்துக்கு இந்த மண்ணில் வயது இன்னும் அதிகம் என்று நான் நினைக்கிறேன். 1792 மார்ச்சில் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் ராயக்கோட்டை உள்ளிட்ட பாராமகால் பகுதியை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தார். அதே ஆண்டில் ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் சென்னையிலிருந்து தெற்கே பயணம் கிளம்பி இந்த வழியாக வந்தார்கள். காட்சியைக் காகிதத்தில் விழவைத்துக் கோடு இழுக்கும் இருட்டறைப் பெட்டி அவர்களுடைய கருவிகளில் ஒன்று. புகைப்படம் பிறப்பதற்கு முந்தைய கேமரா அது. ராயக்கோட்டையும் ஒசூரும் அவர்களது ‘ஓரியண்டல் சீனரி’ மூன்றாம் தொகுதியில் இருக்கின்றன. அச்சானது 1801. அற்புதமான படங்கள். மலையின் எடையை அப்படி யாரும் வரைந்ததில்லை.

ஆனால் அவர்கள் வந்தது திப்புவோடு நடந்த போரில் படை போன தடத்தில். அப்போது ஒசூரும் கெலமங்கலமும் இன்னும் மைசூரின் கையில்தான் இருந்தன. 1799 மார்ச்சில் திப்புவுக்கு எதிரான அடுத்த போரில் ஜெனரல் ஹாரிஸின் ஆங்கிலேயப் படை ராயக்கோட்டையைத் தாண்டிக் கெலமங்கலம் வழியாகவே ஸ்ரீரங்கப்பட்டணம் போனது. அந்தப் போரில் இருந்த வில்லியம் லாம்டன் மறு ஆண்டே பெங்களூர் அருகே நில அளவைக்கு அடிக்கோடு இழுத்தார். காலின் மெக்கன்சி மைசூர் நாட்டை அளக்கத் தொடங்கினார். படம் வரைபவர், படை நடத்துபவர், நிலம் அளப்பவர் மூவரும் சில ஆண்டு இடைவெளியில் ஒரே பாதையில் வந்து போயிருக்கிறார்கள். அந்த அம்மா இதையெல்லாம் படித்திருக்க மாட்டார். ஆனால் அவர் சொன்ன வரிசை கிட்டத்தட்ட இதுதான்.

நான் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டேன். அதற்குள் பனி இன்னும் இறங்கிவிட்டது. சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. நடுகல்லைப் படமெடுக்கப் பக்கவாட்டு வெயில் வேண்டும். கோடு ஆழமில்லாத புடைப்புச் சிற்பம், எண்ணெயும் மஞ்சளும் ஏறி வழுவழுத்திருக்கும். அன்று எதிரே நின்றது வெறும் கறுப்புப் பலகை.

அப்போதுதான் கம்பெனி பஸ் சாலையில் நின்று ஒரு பெண் இறங்கி வந்தாள். பேத்தி. செல்போன் உறை செய்யும் ஆலையில் இரவு ஷிப்டு முடித்து வருகிறாள். கழுத்தில் அடையாள அட்டை, கண்ணில் தூக்கம். “ஏமாயிந்தி அவ்வா?” என்று பாட்டியிடம் விசாரித்துவிட்டு, என் கேமராவில் இருந்த படத்தை வாங்கிப் பார்த்தாள்.

“இப்பிடி நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது சார். சாய்ச்சு அடிக்கணும்.”

உலோக உறையில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. விளக்குக்குக் கீழே உறையைச் சாய்த்துத் திருப்பினால்தான் முடியளவு கோடும் நிழலாகி எழும்பும் என்றாள். தன் போனின் டார்ச்சைப் போட்டுக் கல்லின் இடது விளிம்போடு ஒட்டிப் பிடித்தாள்.

கல்லிலிருந்து ஒருவன் எழுந்து வந்தான். அள்ளி முடிந்த கொண்டை, ஓங்கிய வாள், இடது கையில் வில். அவன் முழங்கால் அருகே மாடுகள், ஒன்றின் கழுத்தில் மணிகூடத் தெரிந்தது. மேலே இரண்டு பெண்கள் அவனைக் கைதாங்கி எடுத்துப் போகிறார்கள். மாட்டை மீட்கப் போய் விழுந்தவன். அந்த உதடு மடிந்திருந்த விதத்தைத் தாராசுரத்தில் நான் பார்த்ததில்லை. அங்கே சிற்பி அழகை அறிந்தவன். இங்கே செதுக்கியவன் இறந்தவனையே அறிந்தவனாக இருக்க வேண்டும். என் அளவுகோல் அந்தக் கொல்லையில் உதவவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

பாட்டி என் பின்னால் வந்து நின்று பார்த்தார். “மீசை இருக்குதே” என்றார். அறுபது வருஷமாக விளக்கேற்றும் சாமிக்கு மீசை இருப்பதை அன்றுதான் பார்க்கிறார். பிறகு அவரே பேத்தியின் கையிலிருந்து டார்ச்சை வாங்கி மேலும் கீழும் நகர்த்தினார். நான் எடுத்த நல்ல படம் அவர் பிடித்த வெளிச்சத்தில்தான் விழுந்தது. எடுத்தபின், “ஊர் பேரு போடாதப்பா” என்றார். சரி என்றேன்.

வீட்டில் ராகிக் களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும். ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கித் தோல் நீக்குவது பொறுமையான வேலை, பனிக்காலத்தில் மட்டும் கிடைக்கும் ருசி. களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று அவர் சொல்லிக் கொடுத்தார். எங்கள் ஊரில் களி என்றால் திருவாதிரைக்குச் செய்யும் இனிப்பு. இது உழைக்கிறவர்களின் சாப்பாடு, மாலைவரை பசிக்கவில்லை. பேத்தி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனாள்.

இப்படிக் கற்களைத் தேடுவது புதிதல்ல. 1970களில் நாகசாமி தலைமையிலிருந்த தொல்லியல் துறை செங்கம் பகுதியில் நடுகற்களைத் தேடித் தேடிப் பதிவு செய்தது. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் பல கற்கள் பத்திரமாக நிற்கின்றன. ஆனால் விளக்கேற்றும் கையோடு சேர்ந்து நிற்பவை நிலத்தில் இருப்பவைதான். நிலம் கைமாறும்போது முதலில் புரட்டப்படுவதும் அவைதான்.

ஒசூர், கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வாசகர்களே, உங்கள் வரப்பில் இப்படி ஒரு கல் இருந்தால் அதற்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள், கோடு தெரிய வேண்டும் என்று சாக்பீஸால் தேய்க்காதீர்கள். இருட்டியபின் ஒரு டார்ச்சை விளிம்போடு சாய்த்துப் பிடித்துப் படமெடுங்கள், செல்போன் போதும். கல் எங்கே நிற்கிறது, அதை யார் கும்பிடுகிறார்கள் என்று எழுதி வையுங்கள். நிலத்துக்காரர் சம்மதித்தால் ஒரு பிரதியை அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். அதற்கு முன்னால் ஒரு பிரதியைச் சட்டம் போட்டு அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.